சேடில் வேட்டைக்கு எடை குறைந்த ஏறு சாதனம்: எதை வீட்டில் செய்யலாம், எதை வாங்கணும்?

ஓக்கிலை (கேள்வி)

வணக்கம். மரத்தில் சேடிலில் (இடுப்பில் கட்டும் தொங்கு பட்டை) தொங்கியபடி வெண்வால் மானுக்கு வில் வேட்டை, பொது நிலம், நடக்க வேண்டிய தூரம் அதிகம். திருகு படி, ஆணி, மரத்தைத் துளைக்கிற எதற்கும் இங்கே அனுமதி இல்லை. அதனால் கட்டி ஏறி, கழற்றி எடுத்துக்கொண்டு வரும் முறைதான்.

இருப்பது: 32 அங்குல அலுமினிய ஸ்டிக் (மரத்தில் கட்டி ஏறும் படிக்கம்பு) மூன்று. மூன்று படி, கேம் பக்கிள் பட்டையோடு ஒன்று 1.25 கிலோ. ஏறுவதற்கான சாமான் மட்டும் (சேடில், மேலே மரத்தில் கட்டித் தொங்கும் டெதர் கயிறு, ஏறும்போது மரத்தைச் சுற்றி இடுப்போடு இணைக்கும் லைன்மேன் கயிறு, கால் வைத்து நிற்கும் பிளாட்ஃபார்ம் நீங்கலாக) 3 கிலோவுக்குள் வர வேண்டும். கால் நிற்கும் உயரம் 5 மீட்டர் போதும்.

கேட்க நினைப்பவை:

ஸ்டிக்கை வெட்டிக் குட்டையாக்கி, கீழே எய்டர் (கால் வைத்து ஏறும் கயிற்றுப் படி) தொங்கவிட்டால் எத்தனை படி எய்டர் வேண்டும்? எய்டருக்கு வெப்பிங் (தட்டை நாடா) நல்லதா, ஆம்ஸ்டீல் (எடை குறைந்த, வலுவான பாலிஎத்திலீன் நார்க் கயிறு) நல்லதா? பட்டைக்குப் பதிலாகக் கயிறு என்றால் எத்தனை மி.மீ.? எய்டரில் கால் வைத்ததும் ஸ்டிக்கின் அடிப்பகுதி மரத்தை விட்டு விலகி உதைக்கிறதே, அதை எப்படி நிறுத்துவது? கடைசியாக, டெதரையும் 6 மி.மீ. ஆம்ஸ்டீலில் செய்துகொண்டால் எடை பாதிக்கும் கீழே போகும். செய்யலாமா?

அளவுகோல் (பதில்)

முதலில் உயரக் கணக்கு. எய்டரின் படி எண்ணிக்கை அதிலிருந்து தானாக வந்துவிடும்.

ஸ்டிக்கை 50 செ.மீ.க்கு வெட்டினால் இரண்டு படி மிஞ்சும். படிக்குப் படி இடைவெளி ஏறக்குறைய 43 செ.மீ. அதன் கீழ்ப்படியிலிருந்து இரண்டு படி எய்டர், 40 செ.மீ. இடைவெளியில் தொங்குகிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எய்டரின் கடைசிப் படி 45 செ.மீ. மேலே இருந்தால் சிரமமில்லாமல் கால் எட்டும். ஆக ஒரு ஸ்டிக்குக்கு 45 + 40 + 40 + 43 = 168 செ.மீ. மூன்றுக்கு 5 மீட்டர். உங்கள் தேவை அதுதான்.

மூன்று படி எய்டர் வேண்டாம் என்பேன். இரண்டு படி எய்டரில், அடுத்த ஸ்டிக்கைக் கட்டும் கயிறு உங்கள் பாதத்திலிருந்து சுமார் 160 செ.மீ. உயரத்தில், அதாவது முகத்துக்கு நேரே வரும்; இரண்டு கையாலும் இறுக்கலாம். மூன்று படி என்றால் அது 2 மீட்டருக்குப் போய்விடும். தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கயிற்றை இறுக்கினால் சரியாக இறுகாது. இறுகாத ஸ்டிக் பாரம் ஏறும்போது ஓரிரு அங்குலம் சறுக்கும். அந்தச் சறுக்கலில்தான் பலர் பதறிப்போய் பிடியை விடுகிறார்கள்.

எடைக் கணக்கு: குழாயில் 30 செ.மீ. போனால் சுவர்த் தடிமனைப் பொறுத்து 150–220 கிராம். ஒரு படி போனால் இன்னொரு 120–130. உலோகப் பக்கிளோடு இருக்கும் பட்டையை எடுத்துவிட்டு 2.4 மீட்டர் 6 மி.மீ. ஆம்ஸ்டீல் போட்டால் (அது 60 கிராம்கூட வராது) இன்னொரு 100. ஆக ஒன்று 800–880 கிராமில் நிற்கும். மூன்றும் அதிகபட்சம் 2.6 கிலோ. எய்டருக்கு 400 கிராம் இடம் இருக்கிறது.

வெட்டுவதைப் பற்றி: பெரும்பாலான ஸ்டிக்கில் மரத்தில் பதியும் முட்டுக்கால் இரண்டு முனையிலும் இருக்கும். ஒரு பக்கம் வெட்டினால் ஒரு முட்டுக்கால் போய்விடும்; அதைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். இங்கே வெல்டு செய்யாதீர்கள். 6061-டி6 அலுமினியத்தில் வெல்டு வைத்தால், சூடு பட்ட பகுதியின் பலம் ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கிவிடும். மீண்டும் வெப்பப் பதம் கொடுக்காமல் அது திரும்ப வராது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும்.

போல்ட் போடுங்கள். 25 மி.மீ. குழாயில் 8 மி.மீ.க்கு மேல் துளை வேண்டாம். துளைக்கு நேராகக் குழாய்க்குள், அதன் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய அலுமினிய புஷ் (சிறு குழாய்த் துண்டு) ஒன்றை வைத்து, அதன் வழியாகப் போல்ட்டைச் செலுத்தி நைலாக் நட்டால் முடுக்கவும். புஷ் இல்லாமல் முடுக்கினால் குழாயின் சுவர் உள்ளே நசுங்கும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். துளையின் இரு ஓரத்தையும் பிசிர் நீக்கி மழுக்கவும். வெட்டிய முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம். திறந்த குழாய் காற்றில் ஊதும், கிளையில் பட்டால் மணி அடிக்கும்.

அளவுகோல்

எய்டர் தனிப் பதிவு. வெப்பிங்கில் செய்வதென்றால் ஒன்றுக்கு 25 மி.மீ. குழல்வகை நைலான் வெப்பிங் 3.2 மீட்டர் வெட்டுங்கள். இரண்டு படி 80 செ.மீ. நீளம், இரட்டை இழை, அது 160. முடிச்சுகள் தின்பது ஒரு மீட்டருக்கும் மேல். இதைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டுவதுதான் வழக்கமான தவறு. மீதி மேல் கண்ணுக்கும் (மாட்டும் வளையம்) வால்களுக்கும் (முடிச்சைத் தாண்டி மிஞ்சும் முனை).

பாதி மடித்து, மடிப்பில் சாதா முடிச்சுப் போட்டு 5 செ.மீ. கண் விடுங்கள். பிறகு 12 செ.மீ. தோட்டக் குழாய்த் துண்டு இரண்டை வெப்பிங்கில் கோத்துவிடுங்கள். முடிச்சுப் போட்ட பிறகு கோக்க முடியாது. கண்ணிலிருந்து 40 செ.மீ.யில் இரண்டு இழையையும் சேர்த்து ஒரு முடிச்சு. ஆனால் ஓர் இழையை மற்றதைவிட 10 செ.மீ. நீளமாக விட்டு முடியுங்கள். நீளமான இழை வளைந்து நிற்க, கால் நுழைய வாய் திறந்திருக்கும். குழாய்த் துண்டு அந்த நீள இழையின் அடியில் வரணும். அடுத்த 40 செ.மீ.க்கும் இதேதான். கடைசியில் இரு முனையையும் வாட்டர் நாட் போட்டு இணைத்து, வால் ஒவ்வொன்றும் குறைந்தது 8 செ.மீ. விடுங்கள். அந்த முடிச்சு பாதத்துக்கு அடியில் வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும். வாட்டர் நாட் பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க மெல்ல ஊர்ந்து வாலைத் தின்னும் இயல்புடையது. ஒவ்வொரு முறை பையில் வைக்கும்போதும் வாலைப் பாருங்கள்.

ஒன்று 150 கிராம் வரும். மூன்று ஸ்டிக்குக்கு மூன்று என்றால் 450, கணக்கு 3 கிலோவைத் தாண்டுகிறது. ஒரே எய்டரை ஸ்டிக்குக்கு ஸ்டிக் மாற்றிக்கொண்டே போகலாம். மெல்லிய 1.5 மீட்டர் நூல் ஒன்றால் அதைச் சேடிலில் கட்டிவையுங்கள். மேல்படிக்குப் போனதும் இழுத்து எடுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது மட்டும் பொறுமை தேவை.

பன்னிரு இழை

எய்டருக்கு என் ஓட்டு ஆம்ஸ்டீலுக்கு. 2.8 மி.மீ. (7/64 அங்குலம்) சராசரி உடைபலம் 1,600 பவுண்டு, அதாவது 725 கிலோ. மீட்டருக்கு 5 கிராம்கூட இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: முடிச்சே கூடாது, ஸ்ப்ளைஸ் (கயிற்றின் முனையைக் கயிற்றுக்குள்ளேயே பொதிப்பது) மட்டும். இந்த நார் வழுக்கும். முடிச்சுப் போட்டால் பலம் பாதிக்கும் கீழே போவது ஒரு பக்கம், வழக்கமான முடிச்சுகள் அப்படியே நழுவி அவிழ்வது இன்னொரு பக்கம்.

ஸ்ப்ளைஸில் பொதிக்கும் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு என்பது நடைமுறை அளவு. 2.8 மி.மீ.க்கு 20 செ.மீ., 6 மி.மீ. (1/4 அங்குலம்) கயிற்றுக்கு 46 செ.மீ. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வடிவத்தையே யோசிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலிருந்து வரும் வால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.

அதனால் இரண்டு படியையும் ஒரே கயிற்றில் செய்ய முயலாமல் இரண்டு தனி உருப்படிகளாகச் செய்யுங்கள். நீளமானது: அடியில் கால் நுழைய 45 செ.மீ. சுற்றளவுள்ள கண், மேலே 10 செ.மீ. சுற்றளவுள்ள சின்னக் கண், நடுவில் 55 செ.மீ. தண்டு. இரு வாலும் தலா 20 செ.மீ. தண்டுக்குள் போக, நடுவே 15 செ.மீ. வெறுமையாக நிற்கும். கயிறு 1.7 மீட்டர் வெட்டவும். பொதித்த இடம் தடித்துச் சுருங்கும். குட்டையானது: 90 செ.மீ. சுற்றளவுள்ள முடிவில்லா வளையம், 1.4 மீட்டர் கயிறு. அதை ஸ்டிக்கின் நடுக்குழாயில் சுருக்கிட்டு மாட்டினால் 40 செ.மீ. தொங்கும். கால் படும் இடத்தில் குழாய்த் துண்டு கட்டாயம். இல்லாவிட்டால் மெல்லிய கயிறு பூட்ஸின் அடியை அறுக்கிற மாதிரி அழுத்தும், வாயும் மூடிக்கொள்ளும். குழாயோடு சேர்த்து ஒரு செட் 50 கிராம். மூன்று ஸ்டிக்குக்கும் போட்டாலும் 150.

கண் போடும் முறை: முனையிலிருந்து 20 செ.மீ.யில் ஒரு குறி, அதற்கு மேல் கண்ணின் சுற்றளவு தள்ளி இன்னொரு குறி. வாலை இரண்டாவது குறியில் கயிற்றின் ஊடாகச் செலுத்துங்கள். பிறகு கயிற்றின் மறுமுனையை, வாலில் உள்ள முதல் குறியின் ஊடாகச் செலுத்தி இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். மறுமுனையில் ஏற்கெனவே கண் போட்டிருந்தால் அந்தக் கண்ணையே நுழைத்து இழுக்கலாம், கயிறு இடம் கொடுக்கும். ஆகவே சின்னக் கண்ணை முதலில் போடுங்கள். வாலின் கடைசி 6–7 செ.மீ.யில் இழைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வெவ்வேறு இடத்தில் நறுக்கி ஊசிபோலச் சன்னமாக்குங்கள். பிறகு மடித்த மெல்லிய எஃகுக் கம்பியால் வாலைத் தண்டுக்குள் இழுத்து, கண்ணிலிருந்து வெளிநோக்கிப் பால் கறப்பதுபோல உருவிவிடுங்கள், சுருக்கம் எல்லாம் போகும்வரை.

பூட்டு மட்டும் போட்டுவிட்டு வாலைக் குட்டையாக வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. பாரத்தைத் தாங்குவது பொதிந்த நீளத்தின் உராய்வு. பூட்டின் வேலை, பாரம் இல்லாதபோது வால் வெளியே வராமல் பார்ப்பது. சன்னமாக்காமல் விட்டாலும் கோளாறு: வால் முடியும் இடத்தில் திடீரென்று தடிமன் மாறி, இழைகள் அங்கே ஒடிந்து வளைந்து, அறும்போது அங்கேதான் அறும்.

ஸ்டிக்கைக் கட்ட 6 மி.மீ., ஒரு முனையில் மட்டும் கண். அதன் பலம் (8,600 பவுண்டு) தேவைக்கு மேலே எங்கேயோ இருக்கிறது. மெல்லியதாகப் போகாததற்குக் காரணம் கையில் பிடித்து இறுக்க முடியாது என்பதுதான். பக்கிள் இருந்த இடத்தில் காளான் வடிவக் குமிழ் ஒன்றைப் போல்ட் போடுங்கள். கண்ணைக் குமிழில் மாட்டி, மரத்தைச் சுற்றி வந்து, மறுபடி குமிழைச் சுற்றி இழுத்து, குமிழுக்கும் ஸ்டிக்குக்குமாக எட்டு போல மூன்று சுற்று. குமிழின் தலை தண்டைவிட நன்றாக அகலமாக இருக்கணும், 30 மி.மீ.க்குக் குறையாமல்.

சங்கிலிபோல வரிசையாகக் கண் போட்ட வடிவமும் உண்டு, இருட்டில் மாட்ட எளிது. ஆனால் ஒரு கண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மரத்தின் சுற்றளவு அமைந்துவிட்டால் தளர்வுதான்.

தரைமட்டம்

டெதர் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன்: கூடாது.

எண்ணில் பார்த்தாலே நியாயமில்லை. 11 மி.மீ. ஸ்டாட்டிக் (அதிகம் நீளாத) கயிறு மீட்டருக்கு 75–80 கிராம். 3 மீட்டர் டெதர் 240 கிராம். ஆம்ஸ்டீலில் 70. மிச்சம் 170 கிராம். தண்ணீர் பாட்டிலில் நாலு மடக்கு.

அந்த 170 கிராமுக்கு விலையாக மூன்று விஷயம் போகிறது. ஒன்று, புருசிக் போன்ற உராய்வு முடிச்சுகள் அதில் நம்பிப் பிடிக்காது. வழுக்கும் நார் என்பதோடு, அந்த முடிச்சைப் போடும் ஹிட்ச் கயிறு முதன்மைக் கயிற்றின் விட்டத்தில் 60–80 சதவீதம் இருக்க வேண்டும். 11-க்கு 8 சரி. 6-க்கு 4 மி.மீ. போட்டு உயிரைத் தொங்கவிடுவீர்களா? இரண்டு, சூடு. இந்த நார் 145–150 டிகிரியிலேயே உருகும், பாலியெஸ்டருக்கு 250-க்கு மேல். ஹிட்ச் வழுக்கினால் வரும் உராய்வுச் சூடு அந்த அளவை எளிதில் தொடும். மூன்று, நீட்சி. அறும் தறுவாயில்கூட 4 சதவீதத்தைத் தாண்டாது. தளர்ந்த டெதரோடு அரை மீட்டர் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் உங்கள் இடுப்புக்கும் கொக்கிக்கும் போகும்.

ஸ்டிக், எய்டர், கட்டும் கயிறு இவையெல்லாம் அறுந்தால் லைன்மேன் கயிறு பிடிக்கும். டெதரும் லைன்மேன் கயிறும் அறுந்தால் பிடிக்க எதுவும் இல்லை. நான் கோடு போடுவது அங்கேதான். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1891 ஏ வகைக் கயிறு வாங்குங்கள்; அந்தத் தரத்தில் குறைந்தபட்ச உடைபலம் 22 கிலோநியூட்டன். முனையில் எட்டு முடிச்சை நீங்களே போடலாம், அதில் தப்பில்லை. தையல் இயந்திரத்தில் நீங்களே தைத்த கண் மட்டும் வேண்டாம். ஹிட்ச் கயிறு பாலியெஸ்டர் அல்லது அராமிட் உறையோடு.

இன்னொன்று: கிளையைத் தாண்டும்போது ஒரே கயிற்றை அவிழ்த்து மாட்டாதீர்கள். டெதரைக் கிளைக்கு மேலே கட்டிப் பாரம் ஏற்றிய பிறகே லைன்மேன் கயிற்றை அவிழ்க்கணும்.

மரம்: அமெரிக்காவில் சாம்பல் மரம் (ஆஷ்) என்றால் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு பரவிய பகுதிகளில் அவை கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போய் நிற்கின்றன, பட்ட பிறகு சீக்கிரமே நொறுங்கும் தன்மை வந்துவிடும். உச்சியில் இலை இல்லாத மரத்தில் ஏறவே வேண்டாம்.

ஓக்கிலை

டெதரை விட்டுவிட்டேன், 11 மி.மீ. தான். எய்டர் ஆம்ஸ்டீலில். உதைக்கிற பிரச்சினைதான் பாக்கி. மேலும், ஒரே ஸ்டிக்கை வைத்து ஏறினால் எடை இன்னும் குறையுமே, அது எப்படி?

முட்டுக்கால் (பதில்)

உதைப்பதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

எய்டர் ஸ்டிக்கின் நடுக்குழாயில் தொங்காமல் ஒரு பக்கப் படியில் தொங்கினால், பாரம் ஏறியதும் ஸ்டிக் அந்தப் பக்கம் சுழலும். நடுவில் மாட்டுங்கள். இது பாதிப் பேருக்குத் தீர்த்துவிடும்.

அடுத்தது கால். எய்டர் தொங்குவது மரத்தை ஒட்டி. நீங்கள் பின்னால் சாய்ந்தபடி மிதித்தால் பாதம் மரத்தை நோக்கி முன்னால் போகும், எய்டர் சாய்வாக இழுக்கும், ஸ்டிக்கின் அடி பக்கவாட்டில் நழுவும். முன்பாதம் மரத்தைத் தொடும்படி வைத்து, முழங்காலை வெளியே திருப்பி, இடுப்பை மரத்தோடு ஒட்டி, நேர் கீழே மட்டும் மிதியுங்கள். லைன்மேன் கயிற்றைக் குட்டையாக வைத்தால் உடம்பு தானாக ஒட்டும்.

மூன்றாவது இறுக்கம். கயிற்றை மரத்தில் கட்டும்போது ஸ்டிக்கை நிற்க வேண்டிய இடத்தைவிட நாலைந்து செ.மீ. மேலே பிடித்துக் கட்டுங்கள். பிறகு மேல்படியைப் பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் கயிறு சாய்வாக ஏறி, முட்டுக்கால் பட்டையில் கடிக்கும். அதன் பிறகும் முதலில் எய்டரில் அரை பாரம், பிறகு முழு பாரம். பீச் போன்ற வழுவழுப்பான மரத்தில் இதெல்லாம் செய்தும் நழுவினால், அடி முட்டுக்காலை மரத்தோடு சேர்த்து இன்னொரு மெல்லிய கயிறு கட்டிவிடுங்கள். பாரம் தாங்க அல்ல, விலகாமல் இருக்க.

ஒற்றை ஸ்டிக் முறையில் எடை குறையும், உண்மை. ஸ்டிக் 870, எய்டர் 50. ஆனால் மேல்படியில் நின்று டெதரை உயர்த்திக் கட்டி, அதில் தொங்கியபடி கீழே இருக்கும் ஸ்டிக்கை அவிழ்த்து மறுபடி மேலே கட்ட வேண்டும். 5 மீட்டருக்கு ஸ்டிக்கை மொத்தம் மூன்று முறை கட்டணும். இறங்குவது ராப்பல் (கயிற்றில் சறுக்கி இறங்குவது), அதற்கு 8 மீட்டர் கயிறும் தரச்சான்றுள்ள இறங்கு கருவியும் வேண்டும். அந்தக் கருவியை வீட்டில் செய்வது பேச்சுக்கே இடமில்லை. கயிறு, கருவி, கீழிருந்து உருவ மெல்லிய இழுகயிறு எல்லாம் சேர்த்தால் எடை லாபம் ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும். உயரம் அதிகமாக ஆகத்தான் அது ஜெயிக்கும். 5 மீட்டருக்கு மூன்று குட்டை ஸ்டிக் வேகம், சத்தமும் குறைவு.

பன்னிரு இழை

முட்டுக்கால் சொன்ன மெல்லிய கயிற்றுக்கு 2.8 மி.மீ. மிச்சத்துண்டே போதும்.

குழாய்த் துண்டு ஈரத்தில் வழுக்கும் என்பதையும் சேர்க்கணும். துணி நாடா ஒரு சுற்று ஒட்டினால் போதும். ஸ்டிக்கின் படிக்கு, மரத்தில் படும் ஓரத்துக்கு, குமிழுக்கு பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டலாம். உலோகம் உலோகத்தில் படும் சத்தம்தான் மானுக்குத் தூரத்தில் கேட்கும்.

அளவுகோல்

ஆம்ஸ்டீல் எய்டர் என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் வெப்பிங்கில் செய்கிறவர்கள் படித்தால் உதவும்: நைலான் நனைந்தால் நீளும், புது முடிச்சும் இறுகும்போது இன்னும் கொஞ்சம் விடும். 40 செ.மீ. என்று கட்டிய படி 43–44 ஆகிவிடலாம். எய்டர் தாழ்ந்த அளவுக்கு மேலிரண்டு படிகளின் இடைவெளி கூடி, காலைத் தூக்க வேண்டிய உயரம் ஏறும். கட்டியதும் தண்ணீரில் நனைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டி, ஏறி நின்று முடிச்சுகளை இறுக்கிவிட்டு அதன் பிறகு அளந்து சரிசெய்யுங்கள். வாலை வெட்டுவது அதற்கும் பிறகு.